கறிக்குரிய பெருமை பச்சைக்குப் போகலாமா?

இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993இல் ஒரு புத்தகம் எழுதினார். நாய்க்கு எலும்பைக் கொடு என்பதுதான் தலைப்பின் பொருள். பையில் அடைத்து விற்கும் உலர் உணவை நிறுத்துங்கள். பச்சை இறைச்சி, சதை ஒட்டிய பச்சை எலும்பு, ஈரல், கொஞ்சம் காய்கறி போடுங்கள். நாயின் முன்னோர்கள் தின்று வாழ்ந்தது அதைத்தான் என்பது அவர் வாதம். அது பிறகு ஓர் இயக்கமாகவும் பெரிய வணிகமாகவும் வளர்ந்தது. உறைய வைத்த பச்சைக் கறிப் பொட்டலங்கள் இன்று இந்தியப் பெருநகரங்களிலும் வீடு தேடி வருகின்றன. நம் தெருக்களுக்கு இப்படியோர் இயக்கமே தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். கோழிக்கடையில் ஒதுக்கும் கழுத்தும் காலும் தோலும் வீட்டு நாய்க்கு, மீன் கழுவும்போது விழும் தலையும் குடலும் பூனைக்கு என்பது பழைய ஏற்பாடு. ஏழ்மையாலும் சிக்கனத்தாலும் நடந்துவந்த ஒன்று இப்போது ஆரோக்கியத்தின் பெயரால், கூடுதல் விலையில் திரும்பி வந்திருக்கிறது. பச்சைக் கறி போடுகிறவர்கள் சொல்லும் பலன்கள் வெறும் கற்பனை என்று நான் நினைக்கவில்லை. முடி பளபளக்கிறது, தட்டு காலியாகிறது, மலம் குறைவாகவும் கெட்டியாகவும் போகிறது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அந்தப் பலன் கறியால் வருகிறதே தவிர அதன் பச்சைத்தன்மையால் வருவதாகத் தெரியவில்லை. பச்சையாக இருப்பதால் மட்டுமே வருவது எது என்று தேடினால், பெரும்பாலும் கிருமியும் புழுவும்தான் அகப்படுகின்றன.

முதலில் அந்த முன்னோர் வாதம். நாய் ஓநாயிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வந்த வழியில் அது மனிதனின் அடுப்படியைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே உண்டு; நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். சோறும் களியும் தின்று நம் நாட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்ததில் வியப்பில்லை. பூனையின் கதை வேறு. அது அசல் ஊன் உண்ணி. காரட்டில் இருக்கும் சத்திலிருந்து வைட்டமின் ஏ-வைத் தயாரிக்க அதனால் முடியாது. டாரின் என்ற பொருளையும் போதிய அளவு உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. இரண்டும் விலங்கு உணவிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். ஆகவே பூனைக்குத் தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்ப்பது அன்பின் பெயரால் செய்யும் கொடுமை. இதுவரைக்கும் பச்சை உணவுக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. கறி வேண்டும் என்பதிலிருந்து பச்சைக் கறி வேண்டும் என்பதற்கு அவர்கள் தாவும் இடத்தில்தான் கேள்வி எழுகிறது.

அந்தத் தாவலுக்கு அவர்கள் எப்போதும் துணைக்கு அழைப்பது பாட்டெஞ்சரின் பூனைகளை. கலிபோர்னியாவில் காசநோய் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் பாட்டெஞ்சர், 1932 முதல் 1942 வரை ஏறத்தாழ 900 பூனைகளை வைத்து ஆராய்ந்தார். உணவு ஆராய்ச்சி அவர் நோக்கமாக இருக்கவில்லை. அட்ரினல் சுரப்பியின் சாற்றைச் சோதிப்பதற்காகப் பூனைகளை வளர்த்தவர், வெந்த கறி தின்ற பூனைகள் அறுவை சிகிச்சையில் அதிகமாகச் சாவதையும் பச்சைக் கறி கிடைத்த பூனைகள் பிழைப்பதையும் தற்செயலாகக் கவனித்தார். பிறகு திட்டமிட்டே இரண்டு கூட்டமாகப் பிரித்து வளர்த்தபோது, வெந்த கறிக் கூட்டம் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தது. குட்டிகள் நோஞ்சானாகப் பிறந்தன. மூன்றாம் தலைமுறையோடு வம்சமே தடுமாறியது. பார்த்தவற்றை அவர் நேர்மையாகத்தான் எழுதி வைத்தார். காரணம் என்னவென்று சொல்லும் அறிவு அன்று யாரிடமும் இருக்கவில்லை. 1975இல்தான், டாரின் இல்லாத உணவு தின்ற பூனைகளின் விழித்திரை அழிகிறது என்று தெரியவந்தது. 1987இல், டாரின் குறைவால் பூனையின் இதயத்தசை தளர்ந்து வீங்குகிறது என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவர் பால் பியனும் அவருடைய கூட்டாளிகளும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். டாரின் தண்ணீரில் கரையக்கூடியது. கறியை வேகவைத்து நீரை வடித்தால் அதோடு போய்விடும். பாட்டெஞ்சரின் பூனைகளுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இந்தப் பற்றாக்குறையாகத்தான் இருக்க வேண்டும் என்பது இன்றைய கணிப்பு. நெருப்பில் போனது கறியின் உயிர்ச்சக்தி என்று அதுவரை சொல்லப்பட்டது, பெயரும் அளவும் உள்ள ஒரு பொருளின் கணக்காக மாறிவிட்டது. அந்தப் பொருளைத் திருப்பிச் சேர்க்க முடியும். 1987க்குப் பிறகு உணவு நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டியதும் அந்த இதயநோய் பூனைகளிடம் அரிதாகிவிட்டது.

செரிமானத்தைப் பற்றிய பெருமையும் இப்படித்தான். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில் வீட்டுப் பூனைகளுக்கு உலர் உணவு, பச்சை மாட்டிறைச்சி உணவு, அதே உணவை வேகவைத்தது என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். உலர் உணவைவிட இறைச்சி உணவு நன்றாகச் செரித்தது. பச்சைக்கும் வெந்ததற்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் நாய் ஆய்வுக் குழு 2023இல் வெளியிட்ட கட்டுரையை இங்கே எதிர்வாதமாக வைப்பார்கள். குட்டிப் பருவத்தில் பச்சை இறைச்சி தின்ற நாய்களிடம் பிற்காலத்தில் நாட்பட்ட குடல் நோய் குறைவாகக் காணப்பட்டது என்பது அதன் முடிவு. மரியாதைக்குரிய ஆய்வு, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது வளர்ப்பவர்கள் நிரப்பிக் கொடுத்த வினாத்தாளை நம்பி நிற்கிறது. பச்சைக் கறி போடும் அளவுக்கு அக்கறை எடுப்பவர் மற்ற விஷயங்களிலும் அக்கறையாகத்தான் இருப்பார், அந்தக் கலப்பை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. அதைவிடச் சுவையான செய்தி அதே கட்டுரையில் இருக்கிறது: வீட்டுச் சாப்பாட்டில் மிஞ்சியதைத் தின்று வளர்ந்த குட்டிகளுக்கும் அதே பாதுகாப்பு தெரிந்தது. வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் அடுப்பேறி வெந்த உணவுதானே!

இனி பச்சைக்கு மட்டுமே உரிய பங்கைப் பார்க்கலாம். நெதர்லாந்தில் 8 நிறுவனங்களின் 35 உறைநிலைப் பச்சை உணவுப் பொட்டலங்களைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 28 பொட்டலங்களில், முக்கியமான சில ஆண்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ.கோலி இருந்தது. 19இல் லிஸ்டீரியா. 7இல் சால்மோனெல்லா. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு 196 பச்சை உணவு மாதிரிகளைப் பார்த்தபோது 15இல் சால்மோனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் கிடைத்தன. இவை கண்காணிப்பும் குளிர்சாதனத் தொடரும் உள்ள நாடுகளின் கணக்கு. நம்மூர் நிலவரத்தை ஊகிக்க ஒரு குறிப்பு போதும்: மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 2019இல்தான் தடை போட்டது. மருந்துக்கு அடங்காத கிருமி வளர்வதற்கு அதற்கு முன்பு எவ்வளவு வாய்ப்பு இருந்திருக்கும்!

“நாயின் வயிற்று அமிலம் கடுமையானது, அதை இந்தக் கிருமி என்ன செய்யும்?” என்ற கேள்வி உடனே வரும். பாதி உண்மைதான். கனடாவில் சால்மோனெல்லா கலந்த பச்சை உணவை 16 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ஒரு நாய்க்கும் நோய் வரவில்லை. ஆனால் 7 நாய்கள் ஒரு வாரம்வரை மலத்தில் அந்தக் கிருமியை வெளியேற்றின. நாய் நன்றாக இருப்பதுதான் இங்கே சிக்கல். வயிற்றுப்போக்கு இருந்தால் ஒதுக்கி வைப்போம், கையைக் கழுவுவோம். வாலாட்டிக்கொண்டு வந்து முகத்தை நக்கும் நாயிடம் யாரும் அந்த எச்சரிக்கையோடு இருப்பதில்லை. தவழும் குழந்தையும், கீமோதெரபி எடுக்கும் நோயாளியும், கருவுற்ற பெண்ணும், எண்பது வயதுப் பாட்டியும் இருக்கும் வீட்டில் நாயின் இரைப்பை அமிலத்தை நம்பி ஒரு முடிவெடுப்பது நியாயமாகப் படவில்லை. இங்கிலாந்தில் 2017இல் நச்சு ஈ.கோலி தாக்கி 4 பேர் நோயுற்று ஒருவர் இறந்தபோது, அவர்களில் 3 பேர் பச்சை உணவு தின்னும் நாய்களோடு பழகியவர்கள் என்று தெரியவந்தது. “சமையலுக்கு நாமும்தான் பச்சைக் கோழி வாங்கி வெட்டுகிறோம்” என்பது இதற்குச் சொல்லும் பதில். வெட்டுகிறோம், ஆனால் அரை மணி நேரத்தில் அது குக்கருக்குள் போய்விடுகிறது. நாயின் தட்டில் கிடந்தது அதன் வாய், பாதம், பாய், சோபா என்று நாள் முழுக்க வீட்டைச் சுற்றுகிறது.

பூனைக்கு அமிலக் கவசமும் உதவாத ஓர் எதிரி வந்திருக்கிறது: எச்5என்1 பறவைக் காய்ச்சல். பூனை இனத்தை அது கொல்லும் வேகம் புதிதாகத் தெரிந்ததல்ல. 2004இல் தாய்லாந்தின் சிராச்சா புலிக்காட்சிச் சாலையில் இருந்த 441 புலிகளில் 147 இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. அவற்றுக்குப் போட்டது பச்சைக் கோழி. 2023 கோடையில் போலந்தில் சோதித்த வீட்டுப் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்த வைரஸ் இருந்தது. கோழி இறைச்சிமேல் சந்தேகம் விழுந்தாலும் அங்கே மூலம் கடைசிவரை உறுதியாகவில்லை. அதே ஆண்டு சியோலில் பூனைக் காப்பகங்களில் சாவு விழுந்தபோது மூலம் தெளிவாகவே பிடிபட்டது: கிருமி நீக்கம் செய்யாத பச்சை வாத்து உணவிலேயே வைரஸ் இருந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகானில் வீட்டைவிட்டு வெளியே போகாத ஒரு பூனை இறந்தது. அது தின்ற உறைநிலை வான்கோழி உணவில் இருந்த வைரஸின் மரபணு வரிசை பூனையிடம் இருந்ததோடு பொருந்தியது. அடுத்த மாதமே, இந்த வைரஸைக் கணக்கில் கொண்டு தங்கள் பாதுகாப்புத் திட்டத்தை மறுபடி ஆராய வேண்டும் என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் செல்லப்பிராணி உணவு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதே 2024 டிசம்பரில்தான் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இந்தக் காய்ச்சலால் இறந்தன. பொட்டலத்தை உறைய வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஓரிகான் பூனையைக் கவனிக்க வேண்டும். உறைபனி சில புழுக்களைக் கொல்லும். வைரஸையும் பாக்டீரியாவையும் பத்திரப்படுத்தி வைக்கும். உள்ளே 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் இந்த வைரஸ் செத்துவிடும். கறியின் புரதம் அப்படியே இருக்கும்.

இத்தனை வெளிநாட்டுக் கதைகளைவிட நமக்கு நெருங்கியது ஒரு பழைய புழு. நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நாடாப்புழு வாழ்கிறது. நாய்க்கு அதனால் தொல்லை ஏதும் தெரியாது. மலத்தோடு வெளியேறும் முட்டைகளைப் புல்லோடு ஆடு மேய்கிறது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் வளர்கின்றன. ஆட்டை அறுக்கும்போது, கட்டி இருக்கும் ஈரல் விலைபோகாது என்று தூக்கி எறிவார்கள். அதை நாய் தின்றால் வட்டம் முழுமையாகிறது. இந்த வட்டத்தில் மனிதனுக்கு இடமே இல்லை. நாயைத் தடவிய கையாலும் கழுவாத கீரையாலும் இடையில் போய் மாட்டிக்கொள்கிறான். ஈரலில் ஒரு கட்டி ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். ஹைடாடிட் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்நோய் இந்தியாவில் நிலைகொண்டது. தமிழ்நாட்டு அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கும் புதிதல்ல. அறிவியல் விளக்கம் கிடைத்த வேகத்தில் இந்த வட்டத்தை அறுத்துக் காட்டிய நாடு ஐஸ்லாந்து. ஹரால்ட் கிராப் என்ற டென்மார்க் அறிஞர் 1863இல் அங்கே போய் நாய்களைச் சோதித்தபோது கால்வாசிக்கும் மேற்பட்டவற்றில் புழு இருந்தது. நாய்க்குப் பச்சையாக ஈரல் நுரையீரல் போடாதீர்கள், கட்டிகளை எரித்தோ புதைத்தோ விடுங்கள் என்று விளக்கும் சிறுநூல் ஒன்று வீடுவீடாக இலவசமாகப் போனது. சட்டம் பிறகு வந்தது. அடுத்த நூற்றாண்டில் நோய் அற்றுப்போனது. நியூசிலாந்து 1959இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, நாய்களுக்கு மருந்து கொடுத்தும் பச்சை உள்ளுறுப்பைத் தடுத்தும் போராடி, 2002இல் தற்காலிகமாக விடுபட்டதாக அறிவித்துக்கொண்டது. இரண்டு இடங்களிலும் கொடுத்த ஆயுதங்களில் முக்கியமானது, ஈரலை வேகவை அல்லது போடாதே என்ற ஒரு வரிதான். அந்த வரியைப் பின்னோக்கி அழிப்பதைத்தான் இன்று இயற்கைக்குத் திரும்புவது என்கிறார்கள்.

“தெருநாய் பச்சையாகத் தின்று நன்றாகத்தானே இருக்கிறது?” என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் கண்ணில் படுவது பிழைத்தவை மட்டும். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பகுதி வளர்ந்த நாயாவதே இல்லை. காட்டு ஓநாயும் நம் ராஜபாளையத்தின் வயதுவரை வாழ்வது அபூர்வம். இனம் தொடர்வதற்கு எது போதுமோ அதைத்தான் இயற்கை பார்க்கிறது; பதினான்கு வயது வரை கூட இருக்க வேண்டும் என்பது நம் ஆசை.

எலும்பில் மட்டும் பச்சை உணவுக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பு அவ்வளவாகப் பிளக்காது. ஆனால் பச்சை எலும்பும் பல்லை உடைக்கும், தொண்டையிலும் குடலிலும் அடைக்கும். கோழிக்கடையில் கேட்டாலே அள்ளிப் போடும் கழுத்துத் துண்டுகளைப் பற்றி மெல்போர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் ஓர் எச்சரிக்கை வந்தது. பின்னங்காலில் தொடங்கி உடல் முழுக்கப் பரவும் ஒருவகை வாதம் கண்ட நாய்களையும், அது இல்லாத நாய்களையும் ஒப்பிட்டார்கள். வாத நோய் கண்டவற்றில் கேம்பிலோபேக்டர் என்ற கிருமி இருக்கும் வாய்ப்பு 9 மடங்குக்கும் மேல். அது பச்சைக் கோழியிலிருந்து வந்தது என்பதே அவர்கள் முடிவு. மனிதர்களுக்கு வரும் கில்லன் பாரே நோயின் நாய் வடிவம் இது. எலும்பால் கிடைப்பது சுண்ணாம்புச் சத்துதான். அதை எலும்பில்லாமலும் கொடுக்க முடியும்.

“மருத்துவர்கள் உலர் உணவு நிறுவனங்களின் ஆட்கள், அதனால்தான் பச்சை வேண்டாம் என்கிறார்கள்” என்பது கடைசிக் குற்றச்சாட்டு. அந்த நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. 1987இல் டாரின் குறைந்த உணவை விற்றவர்களும், 2007இல் மெலமைன் கலந்த மூலப்பொருளால் நாய் பூனைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தவர்களும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். ஆனால் பச்சைக்கு மாற்று பை உணவு ஒன்றுதான் என்று யார் சொன்னது? அடுப்பு இருக்கிறது. அடுப்பை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பதும் இல்லை. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வீட்டில் சமைக்கும் 200 நாய் உணவுக் குறிப்புகளை அலசியபோது, 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. ஜெர்மனியில் வீட்டில் தயாரித்த 95 பச்சை உணவுகளை ஆராய்ந்ததில் 60 சதவீதம் பெரிய கோளாறுகளோடு இருந்தன. இந்த விஷயத்தில் பச்சையும் வெந்ததும் ஒரே படகு.

ஆக, வீட்டில் சமைத்துப் போடுகிறவர் பார்க்க வேண்டியவை சில உண்டு. வெறும் சதையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்குக் கறி மட்டும் போட்டால் எலும்பு மெலிந்து சாதாரணக் குதிப்பில் முறியும். எவ்வளவு கால்சியம் சேர்ப்பது என்பதை எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பூனைக்கு நாள்தோறும் ஈரலையே போட்டால் வைட்டமின் ஏ ஏறி, கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாரத்தில் ஓரிரு நாள் சிறு துண்டு போதும். சில மீன்களில் தயமின் என்ற பி வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. பச்சை மீனையே தின்னும் பூனை நாளடைவில் தலையை நிமிர்த்த முடியாமல் தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். கறி வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றோடு பிசைந்து வைத்தால் கரைந்த டாரினில் ஒரு பங்கு தட்டுக்குத் திரும்பும், ஆனாலும் பூனைக்கு மருத்துவர் சொல்லும் அளவில் டாரின் தனியாகவும் சேர்ப்பது நல்லது. வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது. எலும்பை எடுத்துவிட்டு, உப்பும் மசாலாவும் சேர்க்கும் முன் நாயின் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.